அல்ஜியர்ஸில் கணக்குக் கேட்டவர்

சித்திரவதை பற்றிப் பேச்சு எழுந்தால் யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதில்லை. நகரத்தில் எங்கோ குண்டு வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தவன் பிடிபட்டுவிட்டான், ஆனால் இடத்தைச் சொல்ல மறுக்கிறான். சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் சாகப்போகிறார்கள். அவனை வதைப்பீர்களா, மாட்டீர்களா? தொலைக்காட்சி விவாதங்களிலும் நண்பர்கள் கூடும் இடங்களிலும் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர் பெரும்பாலும் நம் தலையசைப்புக்காகத்தான் காத்திருக்கிறார். ஒருமுறை தலையசைத்துவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை பேரை, எவ்வளவு நேரம் என்பது மட்டும்தான் பாக்கி.

கற்பனைக் கணக்காகவே சுற்றிவரும் இந்தக் கேள்வி, 1956 நவம்பர் 14 அன்று அல்ஜியர்ஸ் நகரத்தில் உயிருள்ள ஒரு மனிதர் முன் வந்து நின்றது. பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்குள்ள எரிவாயு ஆலையில் கடைசல் வேலை பார்த்துவந்த ஃபெர்னான் இவ்தோன் என்ற முப்பது வயதுக் கம்யூனிஸ்ட் தொழிலாளி, ஆலைக்குள் குண்டு வைத்ததற்காகப் பிடிபட்டார். அந்தக் குண்டைச் செயலிழக்கச் செய்துவிட்டார்கள். ஆனால் இரண்டாவது குண்டு ஒன்றும் இருக்கிறது என்று போலீஸார் நம்பினார்கள். அது எங்கே என்பது தெரியவில்லை. எரிவாயுக் கலங்கள் பற்றிக்கொண்டால் சுற்றுவட்டாரமே மிஞ்சாது என்ற அச்சம். இவ்தோனை வதைத்து உண்மையை வரவழைக்க அனுமதி வேண்டும் என்று போல் தெட்ஜெனிடம் வந்தார்கள்.

தெட்ஜென் அப்போது அல்ஜியர்ஸ் ஆட்சியகத்தில் காவல் துறைக்குப் பொறுப்பான பொதுச் செயலாளர். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர். பிரான்சின் நான்சி நகரத்தில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாப்போவிடம் சிக்கி வதைபட்டவர், தாகாவ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிரோடு திரும்பியவர். அவர் அனுமதி தர மறுத்தார். அன்று பிற்பகல் முழுவதும் நடுங்கிக்கொண்டே இருந்ததாகப் பிற்காலத்தில் சொன்னார். குண்டு வெடித்திருந்தால் அத்தனை சாவுக்கும் அவர்தான் பொறுப்பு. அது வெடிக்கவில்லை. ஒருமுறை அந்தக் காரியத்தில் இறங்கிவிட்டால் பிறகு மீட்சியே இல்லை என்பதுதான் மறுப்புக்கு அவர் தந்த விளக்கம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மேலே ஒருவர் மறுத்தார், ஆனால் அவருக்குக் கீழே இருந்த போலீஸார் இவ்தோனை வதைத்தார்கள். மின்சாரம், தண்ணீர் இரண்டும் அவர் உடலில் பாய்ந்தன. ஆலையில் ஆட்கள் இல்லாத நேரத்துக்கென்று அவர் வைத்த குண்டால் ஒரு கீறல்கூட யாருக்கும் விழவில்லை. ஆனாலும் பதினொரு நாட்களில் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 1957 பிப்ரவரி 11 அன்று கில்லட்டினில் அவர் தலை வெட்டப்பட்டது. கருணை மனுவை நிராகரித்த பிரெஞ்சு அரசில் அன்று நீதி அமைச்சராக இருந்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான பிரான்சுவா மித்தரான்.

நமக்கு இந்தப் போர் அவ்வளவு தொலைவானதன்று. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியில் பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. அதே நாளில்தான் அல்ஜீரிய விடுதலைக்காகப் போராடிய தேசிய விடுதலை முன்னணி அந்த நாடு முழுவதும் தாக்குதல்களைத் தொடங்கியது. ஒரே பேரரசு, ஒரே நாள். ஒரு கரையில் கையெழுத்தோடு வெளியேறியது, மறு கரையில் ஏழரை ஆண்டுகள் கொன்றும் வதைத்தும் ஒட்டிக்கொண்டிருந்தது. புதுச்சேரி ஒப்பந்தத்தை பிரெஞ்சு நாடாளுமன்றம் முறைப்படி ஏற்றதுகூட அல்ஜீரியா விடுதலை பெற்ற 1962இல்தான்.

விடுதலை முன்னணியின் கைகளும் சுத்தமாக இருக்கவில்லை. 1956 செப்டம்பர் 30 அன்று மில்க் பார் என்ற சிற்றுண்டிக் கடையில் அவர்கள் வைத்த குண்டு, ஐஸ்கிரீம் சாப்பிட வந்த குடும்பங்களைச் சிதைத்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, அரபு மக்கள் வாழ்ந்த பழைய நகரமான காஸ்பாவில் ஐரோப்பியத் தீவிரவாதிகள் வைத்த குண்டு தூங்கிக்கொண்டிருந்த அரபுக் குடும்பங்களைப் புதைத்திருந்தது. பயம் உண்மையானது, கோபமும் உண்மையானது. அந்தப் பயத்தைத்தான் அரசு பயன்படுத்திக்கொண்டது. 1957 ஜனவரி 7 அன்று நகரத்தின் காவல் அதிகாரம் முழுவதும் ஜெனரல் ஜாக் மஸ்ஸுவின் பத்தாவது பாராசூட் படைப்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. இதற்கு வழி திறந்த சிறப்பு அதிகாரச் சட்டம் 1956 மார்ச்சில் 455க்கு 76 என்ற வாக்குகளில் நிறைவேறியிருந்தது. கொண்டுவந்தது சோஷலிஸ்ட் பிரதமர் கீ மொல்லேயின் அரசு, கம்யூனிஸ்டுகளும் ஆதரித்தார்கள். வலதுசாரிகள் மட்டுமே இப்படிப்பட்ட கதவுகளைத் திறப்பார்கள் என்று நம்பும் நண்பர்களுக்கு இதை அடிக்கடி நினைவுபடுத்துகிறேன்.

பிறகு நடந்ததை ஓர் அலுவலகக் காரியமாகப் பார்த்தால்தான் புரியும். இரவில் காஸ்பாவின் வீடுகளுக்குள் பாராசூட் வீரர்கள் நுழைவார்கள், ஆண்களை அள்ளிக்கொண்டு போவார்கள். நகரைச் சுற்றி இருந்த மாளிகைகளும், எல்-பியார் என்ற புறநகரில் கட்டி முடிக்கப்படாத ஒரு கட்டடமும் விசாரணைக் கூடங்கள் ஆயின. ராணுவத் தொலைபேசிக்கு மின்சாரம் தரும், கையால் சுற்றும் சிறிய ஜெனரேட்டரின் கம்பிகளைக் காதிலும் பிறப்புறுப்பிலும் பொருத்தினார்கள். தலையைத் தண்ணீரில் அமுக்கினார்கள். பெண்களை வன்புணர்ந்தார்கள். இத்தனைக்கும் ஒரு காகிதம் தேவைப்பட்டது. ஒருவரைக் காவலில் வைத்திருக்க, அவர் இன்ன முகாமில்தான் தங்க வேண்டும் என்ற நிர்வாக உத்தரவு வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர் தெட்ஜென்.

அவர் கையெழுத்துப் போட்டார். அதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. யாரைப் பிடித்தார்கள் என்பதற்கு ஒரு பதிவாவது இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். சுமார் 24,000 உத்தரவுகள் அப்படிப் போயின. பிறகு அவர் கணக்குக் கேட்டார். இத்தனை பேரைக் கொண்டுபோனீர்கள், இத்தனை பேர் முகாமில், இத்தனை பேர் சிறையில், இத்தனை பேர் விடுதலை. மிச்சம் எங்கே? 3,024 பேருக்குப் பதில் இல்லை. பலருடைய உடல்கள் கடலில் வீசப்பட்டிருந்தன. இந்த எண்ணின் துல்லியம் பற்றி வரலாற்றாசிரியர்கள் விவாதித்திருக்கிறார்கள். ஓர் அரசு ஊழியர் தன் சொந்தக் கையெழுத்துகளை எண்ணி, தன் அரசையே கேள்வி கேட்டார் என்பதில் விவாதம் இல்லை. 1957 மார்ச் இறுதியில் அவர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான்சியின் கெஸ்டாப்போ நிலவறைகளில் தன் உடல் அனுபவித்த கொடுமைகளின் தடங்களை இங்கே கைதிகளின் உடல்களில் அடையாளம் கண்டதாக அதில் சொன்னார். ராஜினாமா ஏற்கப்படவில்லை. அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். செப்டம்பரில் அவர் வெளியேறிவிட்டார். ஜெனரல் பொலார்தியேர் என்பவர் இந்த முறைகளை ஏற்க மறுத்துப் பதவியிலிருந்து விடுவிக்கக் கேட்டார், பத்திரிகையில் கடிதமும் வெளியிட்டார். அவருக்கு அறுபது நாள் கோட்டைச் சிறை.

அன்றைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. யாரும் சித்திரவதைக்கு உட்படுத்தப்படக் கூடாது என்ற உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் ஐந்தாம் பிரிவு, 1948 டிசம்பரில் பாரீஸ் நகரத்தில் வைத்தே ஏற்கப்பட்டது. 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனிவா ஒப்பந்தங்களுக்கும் பொதுவான மூன்றாம் பிரிவு, ஒரு நாட்டின் எல்லைக்குள் நடக்கும் ஆயுத மோதலிலும் கைதியை வதைப்பதைத் தடைசெய்கிறது. பிரான்ஸ் அந்த ஒப்பந்தங்களை 1951இல் உறுதிசெய்திருந்தது. பிறகு எப்படி நடந்தது? போர் என்று ஒப்புக்கொள்ளாததால் நடந்தது. ஒழுங்கைப் பராமரிக்கும் நடவடிக்கை என்றார்கள். போர் என்றால் பிடிபட்டவருக்குப் போர்ச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். குற்றம் என்றால் நீதிபதி, வழக்கறிஞர், காலக்கெடு எல்லாம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே ஓர் இருட்டறையைக் கட்டி, மனிதர்களை அதில் தள்ளினார்கள். அல்ஜீரியாவில் நடந்தது போர்தான் என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது 1999 அக்டோபரில்.

அமெரிக்கா இதே அறையை மறுபடியும் கட்டியது. 2002 பிப்ரவரி 7 அன்று, அல்-காய்தா கைதிகளுக்கு அந்த மூன்றாம் பிரிவு பொருந்தாது என்று ஜார்ஜ் புஷ் ஆணையில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று நீதித் துறை வழக்கறிஞர்கள் ஒரு குறிப்பு எழுதினார்கள். உறுப்புச் செயலிழப்பு, உடல் இயக்கம் கெடுதல், மரணம் போன்றவற்றின்போது ஏற்படும் அளவுக்கு வலி இருந்தால்தான் அது சித்திரவதை என்றது அந்தக் குறிப்பு. அந்த மாதத்திலேயே அபு சுபைதா என்ற கைதி மீது நீரில் மூச்சுத் திணறவைக்கும் முறையை 83 தடவை கையாண்டார்கள். நான் சட்டம் படித்தவன் இல்லை, ஆனால் அந்தக் குறிப்பைப் படிக்கும்போது வருவது குமட்டல்தான். வாக்கியங்கள் ஒழுங்காக இருக்கின்றன, முன்மாதிரித் தீர்ப்புகள் வரிசையாக இருக்கின்றன. அல்ஜீரியாவிலும் இப்படி ஒன்று உண்டு. 1955 மார்ச்சில் வுய்யோம் என்ற உயர் அதிகாரி தந்த அறிக்கை, தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் அளவோடு பயன்படுத்தப்பட்டால் ஏற்கத்தக்கவை, அவற்றுக்கு அங்கீகாரம் தரலாம் என்றது. அன்றைய ஆளுநர் அதை நிராகரித்தார். ஆனால் குழாயும் ஜெனரேட்டரும் எங்கும் போய்விடவில்லை.

2006இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மூன்றாம் பிரிவு பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. 2009இல் ஒபாமா அந்த முறைகளைத் தடைசெய்தார். சித்திரவதைக்காக சி.ஐ.ஏ. அதிகாரிகளில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை.

வதைத்தால் உண்மை கிடைக்குமா என்ற கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. எகிப்தில் வதைக்கப்பட்ட இப்ன் அல்-ஷேக் அல்-லிபி என்ற கைதி, அல்-காய்தாவுக்கு ஈராக் ரசாயன ஆயுதப் பயிற்சி தந்தது என்று சொன்னார். 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதை ஆதாரமாக வைத்தார். ஈராக் போர் வந்தது. மறு ஆண்டு அல்-லிபி அதை மறுத்தார், வலியை நிறுத்தவே சொன்னாராம். அமெரிக்க செனட் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் அந்த முறைகள் பயன் தரவில்லை என்றே முடிவுசெய்தது.

ஆனால் என் எதிர்ப்பை இந்தப் பயனின்மையின் மீது நிறுத்த எனக்கு விருப்பமில்லை. அல்ஜியர்ஸில் வதை சில நேரம் பெயர்களைக் கொடுத்தது, முகவரிகளைக் கொடுத்தது. 1957 அக்டோபரில் நகரத்தில் விடுதலை முன்னணியின் வலைப்பின்னல் உடைந்துபோயிருந்தது, குண்டுகள் நின்றிருந்தன. மஸ்ஸுவின் ஆட்கள் அதை வெற்றி என்றார்கள். பயனில்லை என்பது மட்டுமே நம் வாதமாக இருந்தால், பயன் தந்த அந்த ஒரு நாளில் நாம் வாயடைத்துப் போவோம். அந்த வெற்றிக்குப் பின் என்ன வந்தது என்றும் பார்க்க வேண்டும். எட்டு மாதங்கள்கூட ஆகவில்லை, 1958 மே மாதம் அல்ஜியர்ஸில் ராணுவம் தன் அரசுக்கு எதிராகவே எழுந்தது, நான்காம் குடியரசு விழுந்தது. 1961இல் மறுபடியும் ஜெனரல்களின் கலகம். சட்டத்துக்கு மேலே நிற்கலாம் என்று ஒரு படைக்குச் சொல்லிக்கொடுத்தால், எந்தச் சட்டம் என்று அது பிறகு நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்காது.

வதைத்தவர்களுக்கு என்ன ஆனது? அல்ஜியர்ஸுக்கு அருகில் பிளிடா மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனோன் ஒரு போலீஸ் அதிகாரியைப் பற்றிப் பதிவுசெய்திருக்கிறார். அந்த மனிதர் வீட்டில் மனைவியையும் குழந்தைகளையும் அடிக்கத் தொடங்கியிருந்தார், கைக்குழந்தையைக்கூட. காரணம் தன் வேலை என்று அவருக்கே தெரியும். வேலையை விட அவர் தயாராக இல்லை. மனச்சாட்சி உறுத்தாமல் கைதிகளை வதைக்க உதவி செய்யுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டார். இதைப் படித்த பிறகு, 'கண்ணியமான, அளவான' வதை என்று யாராவது பேசினால் என்னால் பொறுமையாகக் கேட்க முடிவதில்லை.

மொரீஸ் ஒதேன் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயது, அல்ஜியர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணித உதவி ஆசிரியர், விடுதலையை ஆதரித்த கம்யூனிஸ்ட், மூன்று குழந்தைகளின் தந்தை. 1957 ஜூன் 11 இரவு பாராசூட் வீரர்கள் அவரை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். காவலிலிருந்து தப்பி ஓடிவிட்டார் என்று பத்து நாள் கழித்து ராணுவம் கதை கட்டியது. அந்த டிசம்பரில் சொர்போன் பல்கலைக்கழகம் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டை அவர் இல்லாமலேயே ஆராய்ந்து பட்டம் கொடுத்தது. உலகப் புகழ்பெற்ற கணிதவியலாளர் லோரன் ஷ்வார்ட்ஸ் அதில் முன்நின்றார். ஒரு மனிதனைக் காணாமல் ஆக்கிய அரசின் முகத்துக்கு நேரே, அவன் கணிதத்தை மேடையேற்றிய அந்தச் சபையை நினைத்தால் இன்றும் பெருமிதம் வருகிறது. அவர் மனைவி ஜொஸெத் ஒதேன் அறுபத்தோர் ஆண்டுகள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். 2018 செப்டம்பர் 13 அன்று அதிபர் மக்ரோன் அவர் வீட்டுக்கே சென்று, ஒதேனைக் கொன்றது ராணுவம்தான், அதற்கு வழிவிட்டது சட்டபூர்வமாக அமைக்கப்பட்ட ஒரு முறைதான் என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார். சில மாதங்களில் ஜொஸெத் இறந்தார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

யாரும் ஏன் தண்டிக்கப்படவில்லை? 1962 மார்ச் 18 அன்று, பிரான்சுக்கும் விடுதலை முன்னணிக்கும் இடையே போரை நிறுத்திய எவியான் உடன்பாடு கையெழுத்தானது. நான்கே நாட்களில், அல்ஜீரியாவில் ஒழுங்கு காக்கும் நடவடிக்கைகளின்போது நடந்த எல்லாக் குற்றங்களுக்கும் பொதுமன்னிப்பு அளிக்கும் ஆணை வந்துவிட்டது. 2001இல் ஜெனரல் போல் ஒஸாரெஸ் ஒரு புத்தகம் எழுதினார். கைதிகளை வதைத்தேன், கொன்றேன், விடுதலை முன்னணித் தலைவர் லார்பி பென் மஹிதியைத் தூக்கிலிட்டுத் தற்கொலை என்று அறிவித்தேன், வழக்கறிஞர் அலி பூமெஞ்ஜெலை மாடியிலிருந்து தள்ளச் செய்தேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். வருத்தம் துளியும் இல்லை. பொதுமன்னிப்பின் காரணமாகக் கொலைக்கு வழக்கில்லை. போர்க் குற்றத்தை நியாயப்படுத்தி எழுதியதற்காக 7,500 யூரோ அபராதம் விதித்தார்கள். பதிப்பாளர்களுக்கும் அபராதம். 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பதிப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டதாக. எனக்கு அந்தத் தீர்ப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் புத்தகம் வெளிவந்திருக்கவே வேண்டும். கொலைக்கு வைத்திருக்க வேண்டிய கூண்டை எழுத்துக்கு வைத்த சட்டத்தின் மீதுதான் என் கோபம்.

மஸ்ஸு வேறு விதமாக முடித்தார். லூயிஸெத் இகிலாஹ்ரிஸ் என்ற பெண், இருபது வயதில் மஸ்ஸுவின் தலைமையகத்தில் தனக்கு நேர்ந்ததை 2000 ஜூனில் லெ மோந்த் நாளிதழிடம் சொன்னார். அவர் பேச வந்ததற்குக் காரணமே, தன்னை அங்கிருந்து மீட்ட ராணுவ மருத்துவரைத் தேடிப்பிடித்து நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான். 92 வயதாகியிருந்த மஸ்ஸு, சித்திரவதை போரில் இன்றியமையாதது இல்லை, அது இல்லாமலேயே செய்திருக்க முடியும் என்றார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து.

1984ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை, இத்தனை அனுபவத்துக்கும் பிறகு எழுதப்பட்டது. அதன் இரண்டாம் பிரிவு போர், போர் அச்சுறுத்தல், உள்நாட்டுக் குழப்பம், நெருக்கடிநிலை என எதையும் காரணம் காட்ட முடியாது என்கிறது. மேலதிகாரியின் ஆணையையும் காட்ட முடியாது. விதிவிலக்கே இல்லாத இந்தக் கடுமை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று பலர் சொல்கிறார்கள். அல்ஜியர்ஸைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்தியா 1997 அக்டோபரில் இந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சட்ட முன்வரைவு மாநிலங்களவையின் தேர்வுக் குழு வரை போய்க் காலாவதியானது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்தக் கோப்பு நகர்வதில்லை.

அப்படியானால் அந்தக் குண்டு? உயிர்களைக் காக்க வேறு வழியே இல்லை என்று ஓர் அதிகாரி நம்பினால்? இதற்கு ஒரு பதிலை ஜெர்மனியில் பார்த்தேன். அது போரில்லை, 2002இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த ஆள்கடத்தல். கடத்தப்பட்ட சிறுவன் உயிரோடு இருப்பதாக நம்பிய காவல் துறைத் துணைத் தலைவர் வொல்ஃப்காங் டாஷ்னர், கைதியைக் கடும் வலி தருவதாக மிரட்ட உத்தரவிட்டார். உத்தரவிட்டதைத் தானே கோப்பில் எழுதி வைத்தார். சிறுவன் முன்பே கொல்லப்பட்டிருந்தான். டாஷ்னர் மீது வழக்கு நடந்தது, குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது, சூழ்நிலையைக் கருதி லேசான தண்டனையோடு விட்டார்கள். தண்டனை போதாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் பின்னர் கண்டித்தது, அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரிசை முக்கியம். தடையை மீறியவர் முதலில் பெயரைப் பதிய வேண்டும், பிறகு திறந்த நீதிமன்றத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும், நீதிபதி எடைபோட வேண்டும். முன்கூட்டிய அனுமதியும் இல்லை, பிந்தைய பொதுமன்னிப்பும் இல்லை. உண்மையாகவே மக்களைக் காக்கத் துணிந்தவர் அந்தக் கூண்டுக்கும் துணிந்திருக்க வேண்டும் அல்லவா? வாஷிங்டனில் குறிப்பு எழுதியவர்களும் அல்ஜியர்ஸில் கம்பி பிடித்தவர்களும் அதற்கு மட்டும் தயாராக இருக்கவில்லை.

தெட்ஜென் தொடங்கிய கணக்கு வேறு கைகளில் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. 1957இல் கணவனையும் மகனையும் தேடி ஆட்சியகத்தின் படியேறிய குடும்பங்களின் மனுக்களுக்கு அங்கே கோப்புகள் போட்டிருந்தார்கள். ஒதேன் பற்றிய அறிவிப்பு வந்த 2018 செப்டம்பரிலேயே, மலிகா ராஹல், ஃபப்ரிஸ் ரிஸெபுத்தி என்ற இரு வரலாற்றாசிரியர்கள் அந்தக் கோப்புகளில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களை இணையத்தில் வெளியிட்டு, இவர்களைத் தெரியுமா என்று அல்ஜீரிய மக்களிடம் கேட்டார்கள். மகள்களும் பேரன்களும் பதில் எழுதினார்கள். சிலர், இந்த மனிதர் திரும்பி வந்தார், இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தார் என்று புகைப்படம் அனுப்பினார்கள். திரும்பி வராதவர்களின் வீட்டார், கொண்டுபோன இரவில் அவர் என்ன உடுத்தியிருந்தார் என்பது வரை எழுதினார்கள்.